கதவைத் திறந்தது யார்? ஆங்கில வாக்கியத் திருத்தக் கேள்விகளில் தொடக்கத் தொடரைச் சரிபார்க்கும் வழி

சனிக்கிழமை மாலை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஜாலான் துன் சம்பந்தன் சாலையோரக் கடை ஒன்றின் மேல்மாடியில் என் ஆங்கில வகுப்பு. சன்னலுக்கு வெளியே மோனோரெயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி, போனபின் தொடருவோம். அன்று ஆறாம் படிவ மாணவி ஒருவர் பயிற்சித் தாளை நீட்டினார். "டீச்சர், இத ஏன் தப்புன்னு போட்டிருக்காங்க? படிச்சா சரியாத்தானே இருக்கு?"

வாக்கியம் இதுதான்:

ஓப்பனிங் தி டோர், தி கேட் ரேன் அவுட்.

"தமிழ்ல சொல்லும்மா" என்றேன்.

"கதவைத் திறந்ததும் பூனை வெளிய ஓடிருச்சு. இதுல என்ன டீச்சர் தப்பு?"

அவர் சொன்ன தமிழ் வாக்கியத்தில் ஒரு தப்பும் இல்லை. கதவைத் திறந்தது யார் என்று அதில் சொல்லப்படவில்லை. வீட்டில் இருந்தவர் யாரோ திறந்தார் என்று கேட்பவர் தானாகவே எடுத்துக்கொள்வார். ஆங்கில வாக்கியம் அப்படி விட்டுவைக்கவில்லை. கதவைத் திறந்ததும் பூனை, ஓடியதும் பூனை என்று அது சொல்கிறது. தேர்வு வைப்பவர் கேட்கும் தப்பு அதுதான்.

பல ஆண்டுகளாகத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் இந்தக் கேள்வியில் விழுவது ஆங்கிலம் போதாததால் அல்ல. தமிழில் இயல்பாக ஓடும் வாக்கிய ஓட்டம் காதில் நிற்பதால், ஆங்கிலத்தின் பிசகு காதில் விழுவதில்லை. அதே தமிழைச் சரியான இடத்தில் பிடித்தால் பிசகைக் காட்டிக்கொடுப்பதும் அதுதான். அந்தப் பிடியைத்தான் இங்கே சொல்லித்தரப் போகிறேன்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். படிக்கப் படிக்க உங்கள் நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கமா எங்கே விழுகிறது என்பது கைக்குப் பழக வேண்டும்.

எந்தத் தேர்வுக்கு இது வேண்டும்?

இதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பழைய புத்தகங்களை நம்பிப் பலர் நேரத்தை வீணாக்குகிறார்கள். எம்பிஏ படிப்புக்கான ஜிமேட் தேர்வில் 'சென்டென்ஸ் கரெக்‌ஷன்' என்றே ஒரு கேள்வி வகை இருந்தது. ஐந்து விடைகள் வரும், முதல் விடை கேள்வியில் உள்ள வாக்கியத்தை அப்படியே திரும்பச் சொல்லும். 2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட்டில் அந்த வகையே இல்லை. பழைய வடிவம் 2024 ஜனவரியோடு முடிந்தது. ஆகவே ஜிமேட்டுக்காக மட்டும் இதைப் படிப்பவர்கள் நேரத்தை வேறு பகுதிக்குக் கொடுக்கலாம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் போக எழுதும் எஸ்ஏடியில் இது இன்னும் இருக்கிறது. இப்போதைய கணினிவழி எஸ்ஏடியில் வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பகுதிக்கு 54 கேள்விகள். 27 கேள்வி கொண்ட இரண்டு கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் 32 நிமிடம். கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு ஏறத்தாழ 71 வினாடி. நீண்ட பத்தியைப் படித்துப் பதில் சொல்லும் கேள்விகள் அந்த நேரத்தைத் தின்றுவிடும். தொடக்கத் தொடர் பற்றிய கேள்வியை இருபது வினாடியில் முடிக்கப் பழகினால், மிச்சமாகும் நேரம் அந்தக் கடினமான கேள்விகளுக்குப் போகும்.

மலேசியாவில் ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம், பல்கலைக்கழகம் போக எழுதும் ஆங்கிலத் தேர்வான முவெட் ஆகியவற்றை எழுதுபவர்களுக்கு இது கேள்வியாக வருவதைவிடக் கட்டுரைத் தாளில்தான் அதிகம் உதவும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

தமிழ் இலக்கணம் ஏற்கெனவே சொன்னது

வினையெச்சம் என்று தமிழ்ப்பள்ளியில் படித்திருப்பீர்கள். வந்து, பார்த்து, ஓடி என்று முடியாமல் நிற்கும் வினை. இவற்றுக்குள் இரண்டு கூட்டம் உண்டு. தொல்காப்பியம் செய்து, செய்யூ, செய்பு என்னும் மூன்று வாய்பாடுகளை 'வினைமுதல் முடிபின' என்று தனியே பிரிக்கிறது. எச்சத்தில் வரும் செயலைச் செய்தவர் யாரோ, அவரே முடிக்கும் வினையையும் செய்ய வேண்டும் என்பது அதன் பொருள். 'முருகன் வந்து உட்கார்ந்தான்.' வந்தவனும் முருகன், உட்கார்ந்தவனும் முருகன்.

மற்ற வாய்பாடுகளுக்கு அந்தக் கட்டு இல்லை. 'முருகன் வர, பேருந்து கிளம்பியது' என்று தாராளமாகச் சொல்லலாம். வந்ததும், வந்தபோது, வந்தால் என்று நாம் அன்றாடம் பேசுவதும் இப்படித்தான். இரண்டு செயலுக்கு இரண்டு பேர் இருக்கலாம்.

ஆங்கிலத்தில் 'இங்' விகுதியோடு தொடங்கி கமாவில் நிற்கும் தொடர் முதல் கூட்டத்தைச் சேர்ந்தது. வினைமுதல் மாறக் கூடாது. நம் பிள்ளைகள் அதைத் தமிழாக்கும்போது 'திறந்ததும்', 'திறந்தபோது' என்று இரண்டாம் கூட்டத்துச் சொல்லைப் போட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு விகுதி மாறியவுடன் ஆங்கிலத்தின் தப்பு தமிழில் மறைந்துவிடுகிறது.

அன்று அந்த மாணவியிடம், "'திறந்ததும்' வேணாம். 'திறந்து'ன்னு சொல்லிப் பாரு" என்றேன்.

"கதவைத் திறந்து, பூனை வெளிய ஓடிருச்சு." சொல்லி முடித்தவர் தாளைப் பார்த்தார். "பூனையே திறந்த மாதிரி இருக்கு, டீச்சர்."

அவ்வளவுதான் சோதனை. இனி இதைத் தேர்வறையில் எப்படிச் செய்வது என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதல் படி: கமாவுக்கு முன்னால் இருப்பதற்கு எழுவாய் உண்டா?

வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து கமா வரை உள்ளதை மட்டும் படியுங்கள். அதற்குள்ளேயே செய்தவர் பெயர் இருந்தால் அந்த வாக்கியத்தில் நம் பிரச்சினை இல்லை. 'வென் ஐ ஓப்பன்ட் தி டோர்' என்று இருந்தால் 'ஐ' உள்ளேயே இருக்கிறது. கமாவுக்குப் பின்னால் பூனை வந்தாலும் சரி, மழை வந்தாலும் சரி. தப்பு வேறு எங்காவது இருக்கலாம், அங்கே தேடுங்கள்.

எழுவாய் இல்லாமல் மொட்டையாக நின்றால், அது யாரையோ எதையோ தேடிக்கொண்டு நிற்கிறது. இப்படி நிற்கும் தொடரை இந்தக் கட்டுரை முழுதும் முன்தொடர் என்று சொல்கிறேன். ஆங்கிலப் புத்தகங்களில் மாடிஃபையர் என்ற பெயரில் வருவதில் இது ஒரு வகை. தவறான சொல்லின் பக்கத்தில் போய் நின்றால் 'மிஸ்பிளேஸ்ட்', தேடும் ஆளே வாக்கியத்தில் இல்லாவிட்டால் 'டேங்கிளிங்' என்பார்கள். தேர்வில் அந்தப் பெயர்களை யாரும் கேட்பதில்லை. தப்பைக் கண்டுபிடித்தால் போதும்.

இரண்டாம் படி: கமாவுக்கு அடுத்த பெயர்ச்சொல்லில் விரலை வையுங்கள்

விரலை வையுங்கள் என்பதை அப்படியே செய்யச் சொல்கிறேன். தாளில் என்றால் விரல், கணினியில் என்றால் மவுஸின் அம்பு. முன்தொடர் தேடும் ஆள் அங்கே நிற்க வேண்டும். கண் வாக்கியத்தின் முடிவுக்கு ஓடப் பார்க்கும், விடாதீர்கள். முடிவு வரை படித்துவிட்டால் மனம் தானாகவே பொருளைச் சேர்த்துவைத்து 'புரிகிறதே' என்று சொல்லிவிடும். புரிவது வேறு, இலக்கணம் சரியாக இருப்பது வேறு. பூனை வாக்கியம் எல்லாருக்கும் புரிகிறது, ஆனாலும் தப்பு.

மூன்றாம் படி: தமிழில் ஒட்டிப் பாருங்கள்

முன்தொடர் 'இங்' விகுதியில் இருந்தால் 'செய்து' என்று தமிழாக்கி, விரல் வைத்த சொல்லோடு ஒட்டுங்கள். 'ஹேவிங்' என்று தொடங்கினாலும் 'ஆஃப்டர்', 'பிஃபோர்', 'பை' போன்ற சொற்களுக்குப் பின் 'இங்' வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: அந்தச் செயலை விரலடியில் இருப்பவர் செய்தாரா?

முன்தொடர் 'பில்ட்', 'ஓப்பன்ட்', 'ரிட்டன்' என்று செய்யப்பட்டதைச் சொன்னால், தமிழில் பெயரெச்சமாக்குங்கள். இது இன்னும் எளிது. எடுத்துக்காட்டு:

ஓப்பன்ட் இன் 1985, வி கிராஸ்ட் தி பினாங் பிரிட்ஜ்.

விரல் 'வி' என்ற சொல்லில் நிற்கிறது. ஒட்டினால் '1985இல் திறக்கப்பட்ட நாங்கள்'. காது உடனே மறுக்கும். சரியான வடிவம்:

ஓப்பன்ட் இன் 1985, தி பினாங் பிரிட்ஜ் லிங்க்ஸ் தி ஐலண்ட் டு தி மெயின்லேண்ட்.

'1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலம்.' ஒட்டுகிறது.

'டயர்ட் அண்ட் ஹங்ரி' போன்ற பண்புச் சொற்களும் இப்படியே: 'களைத்துப் பசித்த' யார்? 'ய நர்ஸ் ஃபார் தர்ட்டி இயர்ஸ்' போன்ற பெயர்த்தொடர் என்றால் 'முப்பது ஆண்டுத் தாதியான' யார்?

நான்காம் படி நீளமில்லை: ஒட்டாத விடைகளை அடியுங்கள். மிச்சம் ஒன்று நின்றால் அதுதான் விடை. இரண்டு நின்றால் வினையின் காலம், ஒருமை பன்மை என்று பாருங்கள்.

சோதனை ஓட்டை விழும் இடங்கள்

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். மேலே சொன்ன தமிழ்ச் சோதனை பெரும்பாலும் சரியாக வரும். நான்கு இடங்களில் தமிழ் நம்மைக் கைவிடும், தமிழில் அந்த இடங்களில் விதி தளர்வாக இருப்பதால். தேர்வு எழுதும் தமிழ்ப் பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் இந்த நான்கில்தான்.

முதலாவது, 'எனக்கு' வரும் இடம்.

ஸ்டேண்டிங் ஆன் தி பிளாட்ஃபார்ம், ஆன் ஐடியா கேம் டு மி.

தமிழில் 'பிளாட்பாரத்தில் நின்னுக்கிட்டு இருந்தேனா, எனக்கு ஒரு யோசனை வந்துச்சு' என்று எல்லாரும் சொல்வோம். எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்குக் கோபம் வந்தது என்று, அனுபவிக்கிறவரைத் தமிழ் நான்காம் வேற்றுமையில் வைக்கிறது. வைத்தாலும் வாக்கியத்தின் ஆள் அவர்தான் என்று நம் காதுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் 'மி' கடைசியில் ஒதுங்கி நிற்கிறது, எழுவாய் 'ஐடியா'. யோசனையே பிளாட்பாரத்தில் நின்றது என்று ஆகிவிடுகிறது. 'ஐ ஹேட் ஆன் ஐடியா' என்று மாற்றினால் சரி. தமிழில் 'எனக்கு' என்று தொடங்கத் தோன்றும் இடங்களிலெல்லாம் விரலையே நம்புங்கள், காதை நம்பாதீர்கள்.

இரண்டாவது, உடல் உறுப்பும் உடைமையும்.

ரன்னிங் ஆல் டே, மை லெக்ஸ் பிகேன் டு ஏக்.

'ஓடி ஓடிக் கால் வலிக்குது.' இதைவிட நல்ல தமிழ் இல்லை. கால் என்னுடையது, ஓடியதும் நான், ஆகவே தமிழ் ஏற்றுக்கொள்கிறது. தேர்வு ஆங்கிலம் கால்களைத் தனி ஆளாகப் பார்க்கிறது. ஓடியவர் 'ஐ', அந்தச் சொல் கமாவுக்குப் பின் வர வேண்டும். 'மை', 'ஹிஸ்', 'ஹர்', 'தேர்' என்று கமாவுக்கு அடுத்து வந்தாலே எச்சரிக்கை மணி அடிக்கட்டும்.

மூன்றாவது, இதன் தம்பி. வல்லவர்களும் தடுமாறும் இடம்.

பார்ன் இன் செந்தூல், குமார்ஸ் ஃபர்ஸ்ட் ஜாப் வாஸ் இன் ய பிரிண்டிங் பிரஸ்.

பெயரெச்சமாக்கி ஒட்டிப் பாருங்கள்: 'செந்தூலில் பிறந்த குமாரின் முதல் வேலை அச்சகத்தில்.' தமிழில் குறை சொல்ல இடமில்லை, 'பிறந்த' என்பது குமாரை மட்டும் தழுவி நிற்கிறது. ஆங்கிலத்தில் எழுவாய் 'குமார்' அல்ல, 'ஜாப்'. செந்தூலில் பிறந்தது வேலை என்று ஆகிறது. ஆகவே இரண்டாம் படியில் விரல் வைக்கும்போது, பெயருக்குப் பின்னால் மேற்குறியும் 'எஸ்' எழுத்தும் இருந்தால் அங்கே நிற்காமல் அடுத்த பெயர்ச்சொல்லுக்கு நகர்த்துங்கள். உடையவரைத் தாண்டி உடைமையில் விரல் நிற்க வேண்டும். விடைகளில் மனிதர் பெயர் முதலில் தெரிகிறதே என்று அவசரப்பட்டுத் தேர்ந்தெடுப்பவர்களுக்கென்றே இந்த விடை வைக்கப்படுகிறது.

நான்காவது, காரணம் சொல்லும் வாக்கியம். 'மழை பெய்து குளம் நிறைந்தது.' பெய்தது மழை, நிறைந்தது குளம், வினைமுதல் வேறு. ஆனாலும் தமிழ் இதை ஒப்புக்கொள்கிறது. 'பெய்ய' என்று வர வேண்டிய இடத்தில் 'பெய்து' வந்திருக்கிறது, எச்சத் திரிபு என்று நம் இலக்கணக்காரர்கள் இதற்கு அமைதி (விதிவிலக்காக ஏற்பு) சொல்லியிருக்கிறார்கள். ஆங்கிலத் தேர்வில் அந்த அமைதி கிடையாது. 'ரெயினிங் ஆல் நைட், தி பாண்ட் ஃபில்ட் அப்' என்று எழுதினால் குளம் இரவெல்லாம் பெய்தது. 'பிகாஸ் இட் ரெயின்ட் ஆல் நைட்' என்று எழுவாய் கொடுத்துத் தொடங்க வேண்டும்.

ஒரு முழுக் கேள்வியைச் செய்து பார்ப்போம்

எஸ்ஏடி பாணியில் நானே எழுதியது. கோடிட்ட இடத்துக்குப் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

புட் இன் சார்ஜ் ஆஃப் தி பினாங் பொட்டானிக் கார்டன்ஸ் இன் 1884, ______

ஏ) அன் ஓல்ட் கிரானைட் குவாரி வாஸ் டர்ன்ட் இன்டு ய கார்டன் பை சார்ல்ஸ் கர்ட்டிஸ்.
பி) சார்ல்ஸ் கர்ட்டிஸஸ் வொர்க் டர்ன்ட் அன் ஓல்ட் கிரானைட் குவாரி இன்டு ய கார்டன்.
சி) சார்ல்ஸ் கர்ட்டிஸ் டர்ன்ட் அன் ஓல்ட் கிரானைட் குவாரி இன்டு ய கார்டன்.
டி) இட் வாஸ் சார்ல்ஸ் கர்ட்டிஸ் ஹூ டர்ன்ட் அன் ஓல்ட் கிரானைட் குவாரி இன்டு ய கார்டன்.

விடைகளைப் படிக்கும் முன் அவற்றின் முதல் சொற்களை மட்டும் மேலிருந்து கீழாகப் பாருங்கள். குவாரி, கர்ட்டிஸின் வேலை, கர்ட்டிஸ், இட். நான்கும் நான்கு வேறு எழுவாய். கோட்டுக்கு முன்னால் ஒரு முன்தொடர், விடைகளில் வேறு வேறு எழுவாய்கள். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் கேள்வி நம் கேள்விதான் என்று அறிந்துகொள்ளலாம். இதைக் கண்டுகொள்ளவே மூன்று வினாடி போதும்.

முன்தொடர் என்ன சொல்கிறது? '1884இல் பினாங்குத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற.' பொறுப்பை ஏற்பவர் மனிதராக இருக்க வேண்டும்.

ஏ: 'பொறுப்பை ஏற்ற கருங்கல் குவாரி.' அடியுங்கள். கர்ட்டிஸ் வாக்கியத்தின் கடைசியில் வருகிறார், ஆனால் அவ்வளவு தூரத்தில் நின்றால் முன்தொடர் அவரைப் பிடிக்காது.

பி: விரல் 'கர்ட்டிஸ்' மேல் நிற்கப் பார்க்கும். உடைமைக் குறி இருக்கிறது, நகர்த்துங்கள். 'வொர்க்'. வேலை பொறுப்பை ஏற்காது. அடியுங்கள்.

டி: 'இட்' எதையும் குறிக்காத வெறும் சொல். வெறும் சொல்லிடம் பொறுப்பைக் கொடுக்க முடியாது. 'இட் வாஸ்', 'தேர் வாஸ்' என்று கமாவுக்குப் பின் தொடங்கும் விடை இத்தகைய கேள்வியில் அநேகமாகத் தப்பாகவே இருக்கும். 'வாக்கிங் ஹோம், இட் பிகேன் டு ரெயின்' என்ற வாக்கியத்திலும் இதே குறைதான்.

மிச்சம் சி. முதல் சொல்லிலேயே ஆள் நிற்கிறார்.

பினாங்குக்காரர்கள் இந்தப் பூங்காவை நன்கு அறிவார்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகும் சாலையே பூங்கா வரை போகிறது. தெரிந்த இடத்தைப் பற்றிய வாக்கியமாக இருந்தால் பிள்ளைகள் பயமில்லாமல் ஆராய்கிறார்கள். நீங்களும் உங்கள் ஊரைப் பற்றி இப்படிக் கேள்விகள் எழுதிப் பாருங்கள். தப்பான மூன்று விடைகளை நீங்களே உருவாக்கிப் பார்த்தால், தேர்வு வைப்பவர் எப்படி யோசிக்கிறார் என்பது பிடிபடும்.

சரிசெய்ய இரண்டே வழி

நீங்களே எழுதும்போது முன்தொடர் பிசகினால் இரண்டு வழிகளில் திருத்தலாம். ஒன்று, கமாவுக்குப் பின்னால் சரியான ஆளைக் கொண்டுவருவது: 'ஓப்பனிங் தி டோர், ஐ சா தி கேட் ரன் அவுட்.' மற்றது, முன்தொடருக்கே ஓர் எழுவாயைக் கொடுத்துவிடுவது: 'வென் ஐ ஓப்பன்ட் தி டோர், தி கேட் ரேன் அவுட்.'

புதிதாக எழுதப் பழகுபவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். தமிழில் 'நான் கதவைத் திறந்ததும்' என்று நாம் நினைக்கும் வரிசையோடு அது ஒத்துப்போகிறது, பிசகவும் பிசகாது. முவெட் கட்டுரையில் ஒவ்வொரு பத்தியையும் 'இங்' விகுதியில் தொடங்கினால் உயர்ந்த ஆங்கிலம் என்று சிலர் நம்பி வருகிறார்கள். சுற்றி வளைத்துத் தப்பாக எழுதிய வாக்கியத்தைவிட, நேராகச் சரியாக எழுதிய வாக்கியம் எப்போதும் மேல்.

வேலைக் கடிதத்தில் இதன் விலை இன்னும் அதிகம். இளவயதில் நான் எழுதிய விண்ணப்பம் ஒன்றில் இப்படி ஒரு வரி இருந்தது: 'ஹேவிங் வொர்க்ட் இன் அக்கவுண்ட்ஸ் ஃபார் சிக்ஸ் இயர்ஸ், யுவர் கம்பெனி வில் பெனிஃபிட் ஃப்ரம் மை எக்ஸ்பீரியன்ஸ்.' ஆறு ஆண்டு கணக்குப் பிரிவில் வேலை செய்தது நான், வாக்கியத்தில் வேலை செய்தது அவர்களுடைய கம்பெனி. நேர்முகத்துக்குப் போனபோது அந்த வரியின்கீழ் பென்சில் கோடு இருந்ததைப் பார்த்தேன். ஏன் கோடு என்று அவர்கள் சொல்லவில்லை, எனக்கும் அன்று புரியவில்லை. 'ஐ கேன் பிரிங்' என்று கமாவுக்குப் பின் எழுதியிருந்தால் போதும்.

அலுவலகக் கடிதங்களில் செயப்பாட்டு வினை அதிகம் வரும், அங்கே கூடுதல் கவனம் வேண்டும். 'ஆஃப்டர் ரீடிங் தி ரிப்போர்ட், ய டிசிஷன் வாஸ் மேட்' என்றால் அறிக்கையைப் படித்தது முடிவா? 'தி கமிட்டி மேட் ய டிசிஷன்' என்று ஆளைச் சொல்லுங்கள். 'டு' வைத்துத் தொடங்கும் தொடரும் இப்படித்தான். 'தேர்வில் தேற, தினமும் பயிற்சி வேண்டும்' என்பது தமிழில் சரி, 'தேற' என்பது கட்டில்லாத கூட்டத்துச் சொல். ஆங்கிலத் தேர்வில் 'டு பாஸ் தி டெஸ்ட், யு நீட் டெய்லி பிராக்டிஸ்' என்று தேற வேண்டியவரைச் சொல்லிவிடுவதே பத்திரம்.

தப்பு போலத் தெரிந்தாலும் சரியானவை

விதி பிடிபட்ட புதிதில் பார்க்கும் வாக்கியத்தையெல்லாம் அடிக்கத் தோன்றும். இவற்றை விட்டுவிடுங்கள்.

'அக்கார்டிங் டு தி டைம்டேபிள், தி டிரெயின் லீவ்ஸ் அட் நைன்.' 'அக்கார்டிங்' என்பது 'இங்' விகுதியில் முடிந்தாலும் இங்கே வினை அல்ல, 'படி' என்ற பொருளில் நிற்கும் இடைச்சொல். 'கன்சிடரிங் ஹிஸ் ஏஜ்', 'ஜெனரலி ஸ்பீக்கிங்' போன்றவையும் அப்படியே பழகிப்போனவை.

'தி ரெயின் ஹேவிங் ஸ்டாப்ட், வி லெஃப்ட்.' மழை என்ற எழுவாய் உள்ளேயே இருக்கிறது. 'மழை நிற்க, நாங்கள் கிளம்பினோம்' என்பதற்கு அப்படியே இணை.

'இன் தி மார்னிங்', 'ஆன் சண்டே' போன்று நேரத்தையும் இடத்தையும் மட்டும் சொல்பவை ஆளைத் தேடுவதில்லை.

ஒப்பிடும் தொடரைப் பற்றி ஒரு வார்த்தை. 'லைக்', 'அன்லைக்' என்று தொடங்கினால் கமாவுக்குப் பின் வருவது அதே இனமாக இருக்க வேண்டும். 'அன்லைக் கோலாலம்பூர், தி டிராஃபிக் இன் தைப்பிங் இஸ் லைட்' என்பது நகரத்தை நெரிசலோடு ஒப்பிடுகிறது. 'அன்லைக் கோலாலம்பூர், தைப்பிங் ஹேஸ் லைட் டிராஃபிக்' என்றால் நகரத்தோடு நகரம்.

செய்து பார்க்க

ஆறு வாக்கியங்கள் தருகிறேன். கீழே விடை இருக்கிறது. முதலில் கையால் மறைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் விரல் வைத்த சொல்லை நோட்டில் எழுதுங்கள். 'சரி', 'தப்பு' என்று மட்டும் எழுதினால் பயிற்சி ஆகாது.

1. ஹேவிங் கிளைம்ட் 272 ஸ்டெப்ஸ், தி கேவ் லுக்ஸ் ஹ்யூஜ்.
2. டிசைன்ட் பை சீசர் பெல்லி, தி பெட்ரோனாஸ் டவர்ஸ் ரைஸ் 452 மீட்டர்ஸ்.
3. தி கேப்பிட்டல் ஆஃப் பினாங், டூரிஸ்ட்ஸ் ஃப்ளாக் டு ஜார்ஜ் டவுன்.
4. வைல் வெயிட்டிங் ஃபார் தி கொமுட்டர், மை ஃபோன் வாஸ் ஸ்டோலன்.
5. பிகாஸ் தி ரோட் வாஸ் ஃப்ளடட், தி பஸ் கேம் லேட்.
6. லைக் ஹர் மதர், ஹர் வாய்ஸ் இஸ் சாஃப்ட்.

முதலாவதில் விரல் 'கேவ்' மேல். பத்துமலையில் படி ஏறுவது நாம், குகை அல்ல. தப்பு. 'ஹேவிங் கிளைம்ட் 272 ஸ்டெப்ஸ், வி ஃபவுண்ட் தி கேவ் ஹ்யூஜ்' என்று திருத்தலாம். இரண்டாவதில் 'டவர்ஸ்', 'சீசர் பெல்லி வடிவமைத்த கோபுரங்கள்', சரி. மூன்றாவதில் 'டூரிஸ்ட்ஸ்'. பினாங்கின் தலைநகரம் சுற்றுப்பயணிகள் அல்லர், ஜார்ஜ் டவுன் கமாவுக்கு அடுத்து வர வேண்டும்: 'ஜார்ஜ் டவுன் டிராஸ் மெனி டூரிஸ்ட்ஸ்.' நான்காவதில் 'ஃபோன்'. கொமுட்டர் ரயிலுக்குக் காத்திருந்தது நான், 'மை' நம்மை ஏமாற்றுகிறது. 'வைல் ஐ வாஸ் வெயிட்டிங்' என்று தொடங்கினால் மற்றதைத் தொடவே வேண்டாம். ஐந்தாவதில் 'ரோட்' என்ற எழுவாய் கமாவுக்கு முன்னாலேயே இருப்பதால் முதல் படியிலேயே முடிந்தது, சரி.

ஆறாவதுதான் வகுப்பில் அதிகம் தவறவிடுவது. விரல் 'வாய்ஸ்' மேல் நிற்க வேண்டும், 'ஹர்' மேல் அல்ல. அம்மாவைக் குரலோடு ஒப்பிட்டிருக்கிறது. 'லைக் ஹர் மதர், ஷி ஹேஸ் ய சாஃப்ட் வாய்ஸ்' என்று ஆளோடு ஆளை வைக்கலாம். அல்லது 'மதர்' என்பதோடு உடைமைக் குறி சேர்த்து, 'லைக் ஹர் மதர்ஸ், ஹர் வாய்ஸ் இஸ் சாஃப்ட்' என்று குரலோடு குரலை வைக்கலாம். விடைகளில் இந்த இரண்டில் எது வந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.